சூடா இருந்த வண்டியும் சும்மா இருந்த என் படிப்பும்

போன வருஷம் ஆவணி மாசம் அப்பா ஒரு பழைய பிக்கப் வாங்கினார். ஏழு வருஷ வண்டி, டீசல், மீட்டர்ல 1,38,000 கிலோமீட்டர். விலை 4 லட்சத்து 10 ஆயிரம். அதில் ஒன்றரை லட்சம் அம்மாவோட நகையை அடகு வச்ச காசு. வண்டியைப் பார்க்கப் போகும்போது தெரிஞ்ச மெக்கானிக் யாரையாவது கூட்டிட்டுப் போங்கன்னு மாமா சொன்னார். அதுக்கு அப்பா சொன்ன பதில்: "எதுக்கு மாப்ள? நம்ம வீட்லயே இன்ஜினியர் இருக்கான்ல."

அந்த இன்ஜினியர் நான்தான். மெக்கானிக்கல், அப்போ மூணு வருஷம் முடிச்சிருந்தேன். தெர்மோடைனமிக்ஸ்ல நல்ல கிரேடு. ஆட்டோ சைக்கிள், டீசல் சைக்கிள் ரெண்டுக்கும் பி-வி படம் கண்ணை மூடிட்டு வரைவேன்.

அங்க போய் நான் என்ன செஞ்சேன்னு உண்மையைச் சொல்லிடறேன். சாவியைத் திருகினேன், ஒரே அடியில ஸ்டார்ட் ஆச்சு. ஹாரன் அடிச்சுப் பார்த்தேன். டயரைக் காலால உதைச்சேன். ஏன் உதைச்சேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல, எல்லாரும் உதைப்பாங்க, நானும் உதைச்சேன். தெருமுனை வரைக்கும் ஒரு ரவுண்டு. திரும்பி வந்து, "நல்லா இருக்குப்பா" அப்படின்னேன். அப்பா அட்வான்ஸ் கொடுத்துட்டார்.

நான் கவனிக்காத ஒண்ணு இருந்துச்சு. நாங்க போகும்போதே வண்டி சூடா இருந்தது. பானெட்டைத் தூக்கினப்போ முகத்துல அனல் அடிச்சது. "இப்பத்தான் ஒரு ட்ரிப் போயிட்டு வந்தோம்"னு விக்கிறவர் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

மூணு வாரம் கழிச்சு, கோழி எரு மூட்டை ஏத்திட்டு வத்தலக்குண்டுல இருந்து கொடைக்கானல் மலை ஏறும்போது, டம்டம் பாறை தாண்டி டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போயிடுச்சு. ரேடியேட்டர்ல இருந்து புஸ்ஸுன்னு ஆவி. அப்பா ஓரமா நிறுத்தி, ஆறவிட்டு, தண்ணி ஊத்தி மெதுவா ஏத்திட்டார். அடுத்த ட்ரிப்லயும் அதே. முதல்ல பார்த்த மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசினார், வாட்டர் பம்ப் மாத்தினார், 6,500 ரூபாய் ஆச்சு. ஒரு வாரத்துல திரும்பவும் சூடு.

ரெண்டாவது போன மெக்கானிக் அண்ணன் வண்டியைத் தொடவே இல்ல. "ராத்திரி இங்கயே விட்டுட்டுப் போங்க, காலையில வாங்க" அப்படின்னார். காலையில இன்ஜின் சில்லுன்னு இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்தினார். என்னை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். கொஞ்ச நேரம் விட்டு ஆக்சிலரேட்டர் கொடுக்கச் சொன்னார். தண்ணிக்குள்ள இருந்து குமிழ் குமிழா வந்துகிட்டே இருந்துச்சு. ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க இன்னும் அதிகமா வந்துச்சு.

"ஹெட் கேஸ்கெட் போயிருக்கு தம்பி. சிலிண்டர்ல வெடிக்கிற கேஸ் தண்ணிக்குள்ள வருது."

மொத்தம் அஞ்சு நிமிஷம். ஒரு ஸ்பேனர்கூட எடுக்கல.

ஹெட்டை இறக்கி, மேல நேர்பட்டை வச்சு, இடுக்குல ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தா ஹெட் வளைஞ்சிருந்தது. லேத் பட்டறைக்குக் கொடுத்து ஃபேசிங் போட்டு வாங்கினோம். எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய். முகூர்த்த சீசன்ல பன்னிரண்டு நாள் வண்டி ஓடல. அப்பா என்னை ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

ரேடியேட்டர் மூடியில் ஒரு ஸ்டீம் டேபிள்

இது வெறும் என் சொந்தக் கதைன்னா இங்க எழுதியிருக்க மாட்டேன். அடுத்து அந்த அண்ணன் கேட்ட கேள்விக்காகத்தான் எழுதறேன்: "கேஸ்கெட் போனது சரி, ஏன் போச்சு?"

கேஸ்கெட்டை மட்டும் மாத்திட்டு அனுப்பியிருந்தா ரெண்டு மாசத்துல திரும்ப வந்திருக்கும். அவர் ரெண்டு விஷயம் காட்டினார். ஒண்ணு, ரேடியேட்டர் குழாய்களுக்குள்ள வெள்ளையா உப்பு படிஞ்சு பாதி அடைச்சுக் கிடந்தது. முன்னாடி ஓட்டினவங்க கூலன்ட் ஊத்தாம வருஷக்கணக்கா போர் தண்ணி ஊத்தியிருக்காங்க. ரெண்டு, ரேடியேட்டர் மூடியோட ஸ்பிரிங் தளர்ந்து போயிருந்தது.

மூடிக்கு என்ன இவ்வளவு மரியாதைன்னு நான் நினைச்சேன். அன்னைக்கு ராத்திரி ஸ்டீம் டேபிள்ஸ் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பரீட்சை ஹாலுக்கு வெளியே நான் அதைத் திறந்தது அதுதான் முதல் தடவை. 1 பார் அழுத்தத்துல தண்ணி கொதிக்கிறது கிட்டத்தட்ட 100 டிகிரியில. 2 பார்ல சுமார் 120 டிகிரி. ரேடியேட்டர் மூடி வெளிக்காற்றைவிட ஏறக்குறைய 1 பார் கூடுதல் அழுத்தத்தை உள்ள பிடிச்சு வைக்குது. 0.9, 1.1ன்னு மூடி மேலயே எண் போட்டிருக்கும். அந்த ஸ்பிரிங் செத்துட்டா நமக்கு இருந்த 20 டிகிரி பாதுகாப்பு போச்சு. மலை ஏறினா இன்னும் மோசம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்க திறந்த பாத்திரத்துல தண்ணி 93 டிகிரி பக்கத்துலயே கொதிச்சிடும். லோடு, முதல் கியர், குறைஞ்ச வேகத்துல குறைஞ்ச காற்று, அடைச்ச ரேடியேட்டர், செத்த மூடி. டம்டம் பாறையில கொதிக்காம வேற எங்க கொதிக்கும்?

ஸ்டீம் டேபிளை நான் ரெண்டு செமஸ்டர் கையில வச்சிருந்தேன். அந்த எண் எனக்குத் தெரியும். அது ஒரு சின்ன மூடிக்குள்ள இருக்குன்னு தெரியாது. நம்ம படிப்புல எனக்கு இருக்கிற குறை இதுதான். நாம படிக்கிறது வீண்ன்னு நான் சொல்லவே இல்ல. எல்லா விடையும் கொடுத்துடறாங்க, எந்தக் கேள்விக்கு அது விடைன்னு மட்டும் சொல்லாம விட்டுடறாங்க.

உங்க வீட்லயும் உங்களைத்தான் கூப்பிடுவாங்க

நீங்க மெக்கானிக்கல், ஆட்டோமொபைல்ன்னா, என்னைக்காவது ஒரு பழைய வண்டியைப் பார்க்க உங்களைக் கூப்பிடுவாங்க. கல்லூரியில இதைச் சொல்லித் தர மாட்டாங்க, அதனால நான் 38,000 ரூபாய் கொடுத்துக் கத்துக்கிட்டதை இங்க இலவசமா தர்றேன்.

முதல் விதி, வண்டி ஆறியிருக்கணும். "ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்கண்ணே, நாங்க வந்து பார்த்துக்கறோம்"னு முன்னாடியே போன்ல சொல்லிடுங்க. ஆறின வண்டியிலதான் ரேடியேட்டர் மூடியைத் திறக்க முடியும், சூடான வண்டியில திறந்தா முகம் வெந்துடும். தண்ணி மேல எண்ணெய்ப் படலம் இருக்கா பாருங்க. ஆயில் ஊத்துற மூடிக்கு அடியில மில்க் ஷேக் மாதிரி வெளுத்த பசை இருக்கா பாருங்க. ரெண்டுல ஒண்ணு இருந்தாலும் தண்ணியும் ஆயிலும் எங்கயோ கலக்குது. காலையில முதல் ஸ்டார்ட்டுக்கு வண்டி எவ்வளவு சிரமப்படுதுன்னும் அப்பத்தான் தெரியும்.

அடுத்து புகை. கறுப்புப் புகைன்னா டீசல் முழுசா எரியல. ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கலாம், இன்ஜெக்டர் ஒழுகலாம், டர்போ ஹோஸ் கிழிஞ்சிருக்கலாம். நீலப் புகைன்னா இன்ஜின் ஆயிலைக் குடிக்குது. பிஸ்டன் ரிங்கோ, வால்வ் சீலோ, டர்போ சீலோ தேய்ஞ்சிருக்கு. சூடான பிறகும் நிக்காத வெள்ளைப் புகைன்னா கூலன்ட் உள்ள போய் எரியலாம். இன்ஜின் ஐடிலிங்ல இருக்கும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்க. லேசா மூச்சு விட்டா பரவாயில்ல. குபுகுபுன்னு அடிச்சா பட்டறையில அதுக்குப் பேர் 'பேக் கம்ப்ரஷன்', நம்ம புத்தகத்துல ப்ளோ-பை. இன்ஜின் வேலை வருதுன்னு அர்த்தம், விலையில அதைக் கழிச்சுப் பேசுங்க.

கிளட்ச். சமதளத்துல, முன்னாடி யாரும் இல்லாத இடத்துல, ஹேண்ட் பிரேக் நல்லா போட்டு, நாலாவது கியர்ல வச்சு கிளட்சை மெதுவா விடுங்க. இன்ஜின் சட்டுன்னு அணைஞ்சிடணும். அணையாம உறுமிக்கிட்டே இருந்தா பிளேட் நழுவுது. கிளட்சை மிதிக்கும்போது சத்தம் வந்தா ரிலீஸ் பேரிங். மிதிச்சா சத்தம் நின்னுட்டா, பிரச்சினை கியர்பாக்ஸ் இன்புட் பேரிங் பக்கம். மாத்தறதா இருந்தா பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூணையும் சேர்த்தே மாத்துங்க. கியர்பாக்ஸை இறக்குற கூலிதான் பெருசு, அதை ரெண்டு தடவை கொடுக்க வேண்டாம்.

சரக்கு வண்டியில முக்கியமானது கீழ்ப்பக்கம். கூச்சப்படாம படுத்துப் பாருங்க. பின்பட்டைகள்ல விரிசல் இருக்கா? யு போல்ட் தளர்ந்திருக்கா? கம்பெனி கொடுத்ததைவிட பட்டை அதிகமா இருந்தா, அந்த வண்டி அளவுக்கு மேல சுமந்திருக்குன்னு சந்தேகப்படுங்க. பட்டையைக் கூட்டினா வண்டி தாழாது, ஆனா அந்தச் சுமையைச் சேஸிஸும் ஆக்சிலும் வாங்கித்தான் ஆகணும். அதனால சேஸிஸ்ல வெல்டிங் அடையாளம், அதை மறைச்சு அடிச்ச புது பெயின்ட் ரெண்டையும் தேடுங்க.

முன்சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாம ஒரு ஸ்டாண்டும் வச்சு, மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆடினா வீல் பேரிங், கிங் பின் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடிச்சு ஆட்டும்போது ஆடினா பெரும்பாலும் டை ராடு எண்ட். கியர் போட்டு நகரும்போது அடியில 'டக்'னு ஒரு சத்தம் வந்தா, புரொப்பெல்லர் ஷாஃப்ட்ல இருக்கிற கிராஸ் தேய்ஞ்சிருக்கலாம். பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினா லைன்ல காற்று இருக்கு. அப்படியே மெதுவா கீழ இறங்கிட்டே போனா எங்கயோ கசியுது, அந்த வண்டியை ஓட்டிப் பார்க்கவே வேண்டாம்.

பேப்பரையும் பாருங்க. எட்டு வருஷம் தாண்டின சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. எடுக்கணும். ஆர்.சி.யில ஃபைனான்ஸ் கம்பெனி பேர் இன்னும் இருந்தா, கடன் முடிஞ்சதுக்கான சான்றைக் கையில வாங்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

இதுல எதுவும் ராக்கெட் சயின்ஸ் இல்ல. ஒவ்வொண்ணும் நாம பரீட்சை எழுதின பாடம்தான். பட்டை ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், கிளட்ச் மெஷின் டிசைன், பிரேக் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்.

"போட்டுப் பார்ப்போம்"

இதுவரைக்கும் படிச்சுட்டு, 'சரி, மெக்கானிக் எல்லாம் ஜீனியஸ், இன்ஜினியர் எல்லாம் வேஸ்ட்னு எழுத வர்றான்'னு நினைச்சா, இல்ல. அப்படிப் பேசறது இப்போ ஒரு ஃபேஷன். எங்க வண்டியில 6,500 ரூபாயை வீணாக்கினதும் ஒரு மெக்கானிக்தான். பொதுவா தெர்மோஸ்டாட்டைக் கழற்றிட்டா வண்டி சீக்கிரம் சூடாகாது, உண்மைதான். ஆனா தேவையான சூட்டுக்கும் வராம ஓடி தேய்மானம் கூடும், மைலேஜ் குறையும். அவர் காரணத்தைத் தேடல. 'இதை மாத்திப் போட்டுப் பார்ப்போம், இல்லன்னா அதை மாத்துவோம்'ங்கிற வழியில போனார். ஒவ்வொரு 'போட்டுப் பார்ப்போம்'க்கும் காசு கொடுக்கிறது வண்டிக்காரர்.

மார்கழியில இன்னொண்ணு நடந்தது. காலையில செல்ஃப் எடுக்கும்போது இன்ஜின் சோம்பேறித்தனமா சுத்துச்சு. பேட்டரி போச்சு, புதுசு போடணும்னு எலக்ட்ரீஷியன் சொன்னார். இந்தத் தடவை நான் காலேஜ் மல்ட்டிமீட்டரை எடுத்துட்டு வந்திருந்தேன். பேட்டரி சும்மா இருக்கும்போது 12.5 வோல்ட். நல்லாத்தான் இருக்கு. பேட்டரி நெகட்டிவ் முனையில ஒரு கம்பி, இன்ஜின் பிளாக்குல ஒரு கம்பி வச்சுட்டு அப்பாவை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். 1.4 வோல்ட் காட்டுச்சு. அந்த இடத்துல 0.2, 0.3 தாண்டவே கூடாது. எர்த் பட்டை போல்ட் துருப்பிடிச்சிருந்தது. 200 ஆம்பியர் ஓடுற வழியில 0.007 ஓம் தடை இருந்தாலே 1.4 வோல்ட் அங்கயே போயிடும். அவ்வளவு சின்னத் தடையை மீட்டரோட ஓம் பக்கத்துல வச்சு அளந்தா நம்மகிட்ட இருக்கிற மீட்டர் சைபர்ன்னுதான் காட்டும், கரன்ட் ஓடும்போது வோல்ட்டாத்தான் பிடிக்கணும். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, வாசலின் தடவி, இறுக்கினேன். செலவு 0 ரூபாய். அந்தப் பேட்டரி இன்னும் ஓடுது.

அதனால என் வாதம் மெக்கானிக்கா இன்ஜினியரான்னு இல்ல. கோளாறைக் கண்டுபிடிக்கிறது ஒரு தனித் திறமை. அறிகுறியைப் பார்க்கணும், சாத்தியமான காரணங்களை வரிசைப்படுத்தணும், கழற்றாமலே பிரிச்சுப் பார்க்கிற சோதனை எதுன்னு யோசிக்கணும், கடைசியா 'ஏன் போச்சு'ன்னு கேக்கணும். அந்த அண்ணன் குமிழை வச்சுச் செஞ்சதும், நான் 1.4 வோல்ட்டை வச்சுச் செஞ்சதும் ஒரே வேலை. நாலு வருஷத்துல நமக்கு இதுக்கு ஒரு மணி நேரம்கூட கிடையாது. நம்ம லேப்ல எல்லா இன்ஜினும் நல்லா ஓடும். ரீடிங் எடுத்து, ரெக்கார்டு எழுதி, போன வருஷ சீனியர் நோட்டோட ஒத்துப்போகுதான்னு பார்த்தா முடிஞ்சது.

"இன்ஜினியர் டிசைன் பண்ணணும், ரிப்பேர் பண்றது அவன் வேலை இல்ல"ன்னு என் நண்பன் ஒருத்தன் வாதாடினான். எது உடையும், எப்படி உடையும்னு பார்க்காதவன் எதை டிசைன் பண்ணுவான்? "எல்லாம் ஈ.வி. ஆகப்போகுது, இன்னும் கேஸ்கெட் கதை எதுக்கு?"ன்னு இன்னொருத்தன் கேட்டான். ஈ.வி. பிக்கப்புக்கும் பட்டை உண்டு, பிரேக் உண்டு, நிறைய வண்டிகள்ல பேட்டரிக்குக் கூலன்ட்கூட உண்டு. துருப்பிடிச்ச எர்த் போல்ட் அங்க இன்னும் பெரிய வில்லன். அதோட, நம்ம ஊர்ல இன்னைக்கு ஓடுற பழைய டீசல் வண்டியெல்லாம் நாளைக்குக் காலையில காணாம போயிடாது. அதை நம்பி இருக்கிற வீடுகளும்தான்.

நான் கேக்கிறது மூணு

ஒண்ணு, டிபார்ட்மென்ட்டுக்கு. பின்பக்க ஷெட்ல ஓடாம நிக்கிற நம்ம பழைய காலேஜ் வேனை லேபுக்குக் கொண்டு வாங்க. ஒவ்வொரு செமஸ்டரும் சார் அதுல ரகசியமா ஒரு கோளாறு வைக்கட்டும். ஒரு ஃபியூஸ், ஒரு அடைச்ச ஃபில்டர், ஒரு தளர்ந்த பெல்ட். கண்டுபிடிச்சா பாதி மார்க், எப்படிக் கண்டுபிடிச்சோம்னு எழுதினா மீதி மார்க். இதைக் காப்பி அடிக்க முடியாது.

ரெண்டு, நமக்கு. இன்-பிளான்ட் ட்ரெய்னிங் சர்ட்டிஃபிகேட்டைக் காசு கொடுத்து வாங்கறதை நிறுத்துவோம். யார்யார்னு நான் சொல்லப் போறதில்ல, என்னோடதும் அப்படி வாங்கினதுதான். அந்தப் பதினைஞ்சு நாளைப் பக்கத்துப் பட்டறையில உண்மையா செலவழிச்சா போதும்.

மூணாவது, கொஞ்சம் கூச்சமான விஷயம். நான் எல்.கே.ஜி.யில இருந்து இங்கிலீஷ் மீடியம். பட்டறையில முதல் நாள், "வண்டி இழுக்கல, மிஸ்ஸிங் அடிக்குது, பட்டை உக்காந்திருச்சு"ன்னு அவங்க பேசினது எனக்குப் பாதி புரியல. நான் பேசினது அவங்களுக்குச் சுத்தமா புரியல. வண்டியோட அறிகுறிகளுக்கு நம்ம ஊர்ல ஏற்கெனவே பேர் இருக்கு. அந்தப் பேர்களை நம்ம பாடப்புத்தகச் சொற்களுக்குப் பக்கத்துல வச்சு ஒரு பட்டியல் போட்டா என்ன? இந்த மின்னிதழ்லயே தொடங்கலாம். உங்க அப்பா, மாமா, பக்கத்து வீட்டு டிரைவர் அண்ணன் சொல்ற ஒரு வார்த்தையை அனுப்புங்க, அதுக்கு நம்ம புத்தகத்துல என்ன பேர்னு சேர்ந்தே தேடுவோம்.

எங்க வண்டி இப்போ நல்லா ஓடுது. புது ரேடியேட்டர், சரியான மூடி, போர் தண்ணிக்குப் பதிலா கூலன்ட். அம்மாவோட நகை இன்னும் மீட்கல, இன்னும் ஏழு தவணை பாக்கி. போன வாரம் மாமா ஒரு பழைய வண்டி பார்க்கணும்னு போன் பண்ணினார். அப்பா போனை என்கிட்ட கொடுத்துட்டார். "மாமா, காலையில ஆறு மணிக்குப் போவோம்"னேன். "ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம்னு சொல்லிடுங்க. அந்த மெக்கானிக் அண்ணனையும் கூட்டிட்டு வர்றேன்."